குரல்வளையின் சின்னக் குருத்தெலும்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரல்வளை என்றதும் தைராய்டு, கிரிக்காய்டு, குரல்வளை மூடி என்ற மூன்று பெரிய குருத்தெலும்புகளோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். மற்றவற்றைத் தேர்வுக்கு முந்தைய இரவில் பெயரளவில் மனப்பாடம் செய்வதோடு சரி. எனக்கு இதில் உடன்பாடில்லை. மூச்சு, பேச்சு, விழுங்குதல் என்ற மூன்று வேலைகளுக்கும் குரல்வளை நொடிக்கு நொடி மாறிக்கொடுப்பது அந்தச் சின்னவற்றால்தான். மாணவர்களும் நோயாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

குரல்வளையில் மொத்தம் எத்தனை குருத்தெலும்புகள்?

ஒன்பது. தைராய்டு, கிரிக்காய்டு, குரல்வளை மூடி ஆகியவை ஒவ்வொன்று. அரிட்டினாய்டு, கார்னிக்குலேட், கியூனிஃபார்ம் ஆகியவை வலமும் இடமுமாக ஒவ்வொரு ஜோடி. இவை தவிர டிரிட்டிசியஸ் என்ற ஒரு ஜோடி பலருக்கு உண்டு, எல்லோருக்கும் இல்லை. அரிட்டினாய்டுக்குப் பக்கத்தில் செசமாய்டு என்ற மிகச் சிறிய துண்டுகளும் சிலரிடம் தென்படும். தேர்வில் ஒன்பது என்றே எழுதுங்கள். எக்ஸ்ரே பார்க்கும்போது மட்டும் டிரிட்டிசியஸை மறந்துவிடக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

இந்தச் சின்னவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன?

முதலில் கிரிக்காய்டைப் பார்த்துவிடுவோம். அது ஒரு முத்திரை மோதிரம் போன்றது. கழுத்தின் முன்பக்கம் குறுகிய வளைவு, உயரம் 5 முதல் 7 மி.மீ. மட்டுமே. பின்பக்கம் அகன்ற தகடு, 2 முதல் 3 செ.மீ. உயரம். அந்தத் தகட்டின் மேல்விளிம்பில், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும், சரிவான இரண்டு மூட்டுப் பரப்புகள் இருக்கின்றன. அவற்றின் மேல்தான் இரண்டு அரிட்டினாய்டுகளும் அமர்ந்திருக்கின்றன. அரிட்டினாய்டின் உச்சியில் கார்னிக்குலேட். அதற்குச் சற்று முன்னால், குரல்வளை மூடிக்குப் போகும் சளிச்சவ்வு மடிப்புக்குள் கியூனிஃபார்ம்.

ஆக, எல்லாம் குரல்வளையின் பின்பாதியில்தான். கழுத்தை வெளியிலிருந்து தடவிப் பார்த்து இவற்றை உணர முடியாது. ஆண்களுக்குக் கழுத்தில் துருத்திக்கொண்டு தெரியும் மேடு தைராய்டு குருத்தெலும்புடையது.

அரிட்டினாய்டின் வடிவத்தைப் புரிந்துகொள்ள எளிய வழி உண்டா?

முப்பக்கப் பிரமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்களிடம் சுமார் ஒன்றரை செ.மீ. உயரம். படத்தை உற்றுப் பார்ப்பதைவிட, அதன் மூலைகளில் எது எது ஒட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்வது பலன் தரும்.

அடிப்பாகத்தின் முன்மூலை கூர்மையாக நீண்டிருக்கும். இதற்குக் குரல் முனை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். குரல் நாணுக்குள் ஓடும் நார் இங்கிருந்து புறப்பட்டு, முன்னால் தைராய்டு குருத்தெலும்பின் உட்புறத்தில் போய் முடிகிறது. பக்கவாட்டில், கொஞ்சம் பின்னோக்கி, மழுங்கலாக நீட்டிக்கொண்டிருப்பது தசை முனை. குரல்வளையைத் திறக்கும் தசையும் மூடும் தசைகளில் ஒன்றும் இதைத்தான் பிடித்திருக்கின்றன. உச்சி பின்னோக்கியும் உள்நோக்கியும் வளைந்து கார்னிக்குலேட்டைத் தாங்குகிறது.

உட்பக்கம் வழவழப்பானது, சளிச்சவ்வு மட்டுமே போர்த்தியது. பின்பக்கத்தில் இரு அரிட்டினாய்டுகளையும் இணைக்கும் குறுக்குத் தசை. முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ந்த பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் ஒன்றில், குரல் நாணுக்கு மேலே இருக்கும் மடிப்பான பொய்க் குரல் நாணின் நாரும், இன்னொன்றில் குரல் நாணின் தசையும் ஒட்டுகின்றன.

குரல் நாணின் பின்பகுதி நாணே அல்ல, குருத்தெலும்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. இரு நாண்களுக்கும் நடுவே உள்ள திறப்பான குரல் இடைவெளியின் நீளத்தில் முன்னால் ஐந்தில் மூன்று பங்கு சவ்வாலானது. பின்னால் ஐந்தில் இரண்டு பங்கு, அரிட்டினாய்டின் குரல் முனையும் உட்பக்கமும் ஆனது. ஆண்களிடம் மொத்த நீளம் சுமார் 23 மி.மீ., பெண்களிடம் சுமார் 17 மி.மீ. அதிர்ந்து குரல் கொடுப்பது முன்பகுதி. காற்று அதிகம் போவது பின்பகுதி வழியே.

அரிட்டினாய்டு அச்சில் சுழல்வது போல நகர்கிறதா?

பழைய வரைபடங்கள் அப்படித்தான் காட்டும். செங்குத்தான ஓர் அச்சில் இடமும் வலமும் திரும்புவதாக அம்புக்குறி போட்டிருக்கும். முதலாண்டு மாணவருக்கு அது போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூட்டின் உண்மையான அமைப்பு அதற்கு இடம் கொடுக்காது.

கிரிக்காய்டின் மூட்டுப் பரப்பு குவிந்தது. அது வெளிப்பக்கமும் முன்பக்கமும் கீழ்ப்பக்கமுமாகச் சரிந்திருக்கிறது. அரிட்டினாய்டின் அடி அதற்குப் பொருந்தும்படி குழிந்தது. அதனால் அரிட்டினாய்டு அந்தச் சரிவின் மேல் சாய்ந்தாடுகிறது, கூடவே சரிவு நெடுக கொஞ்சம் வழுக்குகிறது. திறக்கும்போது குரல் முனை வெளிப்பக்கம் போவதோடு மேலேயும் எழுகிறது. மூடும்போது உள்ளே வருவதோடு கீழேயும் இறங்குகிறது. ஒரு பக்க நாண் செயலிழந்த சிலரிடம் இரண்டு நாண்களும் வேறு வேறு மட்டத்தில் இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, இந்த மேல்-கீழ் அசைவைத் தெரிந்தவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

இது முழங்கால் மூட்டைப் போலவே உறையும் வழுவழுப்புத் திரவமும் கொண்ட மூட்டு. அப்புறம் வரும் மூட்டுவாதக் கேள்விக்கு இதை நினைவில் வையுங்கள்.

மூச்சு விடும்போது, பேசும்போது, கிசுகிசுக்கும்போது என்ன நடக்கிறது?

அமைதியாக மூச்சு விடும்போது குரல் இடைவெளி பின்னால் அகன்ற முக்கோணமாக இருக்கும். ஓடிவிட்டு ஆழமாக மூச்சிழுத்தால் குரல் முனைகள் இன்னும் வெளியே போய், இடைவெளி சாய்சதுரம் ஆகிவிடும்.

பேச ஆரம்பிக்கும்போது பக்கவாட்டுத் தசைகள் குரல் முனைகளை ஒன்றோடொன்று சேர்க்கின்றன. பின்னாலுள்ள குறுக்குத் தசையும் சாய்வுத் தசைகளும் இரு அரிட்டினாய்டுகளின் உடலையும் நெருக்குகின்றன. இரண்டும் நடந்தால்தான் இடைவெளி முழுவதும் மூடும். கிசுகிசுக்கும்போது முதல் வேலை மட்டும் நடக்கிறது. முன்பகுதி சேர்ந்துவிடுகிறது, பின்னால் அரிட்டினாய்டுகளுக்கு நடுவே சின்ன முக்கோணம் திறந்தே இருக்கிறது. அந்த ஓட்டை வழியே காற்று உரசிக்கொண்டு போகும் ஓசைதான் நம் காதில் விழும் கிசுகிசுப்பு.

மூடுவதற்குப் பல தசைகள், திறப்பதற்கு ஒன்றே ஒன்று என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பின் கிரிக்கோ-அரிட்டினாய்டு தசைதான் குரல்வளையைத் திறக்கும் ஒரே தசை. கிரிக்காய்டு தகட்டின் பின்புறத்திலிருந்து கிளம்பி, தசை முனையைப் பின்னோக்கி இழுக்கிறது. குரல்வளையின் தசைகளில் எதை முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாம் தூங்கும்போதும் மூச்சுக்கு வழி விடுவது இது.

கிரிக்கோ-தைராய்டு தசை ஒன்றைத் தவிர, இதற்கும் மற்ற உள்தசைகள் அனைத்துக்கும் நரம்பு, மீள் குரல்வளை நரம்பு. இடப்பக்கம் இது மார்புக்குள் இறங்கி மகாதமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. வலப்பக்கம் கழுத்தடியிலேயே சப்கிளேவியன் தமனியைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. இடது நரம்பின் பாதை நீளமானதால் நுரையீரல் புற்றுநோய் போன்ற மார்பு நோய்கள் அதைத் தொட வாய்ப்பு அதிகம். தைராய்டு சுரப்பி அறுவை சிகிச்சையில் இரு பக்க நரம்புமே ஆபத்து எல்லைக்குள் வரும்.

ஒரு பக்கம் செயலிழந்தால் குரல் கரகரத்து, காற்றடித்துப் போகும். இரு பக்கமும் செயலிழந்தால் குரல் ஓரளவு தப்பிவிடலாம், ஆனால் மூச்சுப் பாதை குறுகிவிடும். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் நிலைகூட வரலாம்.

கார்னிக்குலேட்டும் கியூனிஃபார்மும் எதற்கு?

கார்னிக்குலேட், அரிட்டினாய்டு உச்சியின் நீட்சியாக நிற்கும் சின்னக் கூம்பு. சிலரிடம் அரிட்டினாய்டோடு ஒட்டியே போயிருக்கும். வெனிஸ் நகர உடற்கூறியலாளர் ஜியோவான்னி டொமினிகோ சாந்தோரினியின் (1681–1737) பெயரால் சாந்தோரினி குருத்தெலும்பு என்றும் சொல்வார்கள். கியூனிஃபார்ம் எந்த எலும்போடும் மூட்டு போடாமல் மடிப்புக்குள் தனியாகக் கிடக்கும் சிறு கோல். கோட்டிங்கனில் பணிபுரிந்த ஹைன்ரிக் ஆகஸ்ட் ரிஸ்பெர்க் (1739–1808) பெயர் இதற்கு உண்டு. இது சிலரிடம் இருப்பதே இல்லை.

இரண்டின் வேலையும் அந்த மடிப்புக்கு விறைப்பு கொடுப்பதுதான். அரிட்டினாய்டிலிருந்து குரல்வளை மூடி வரை போகும் மடிப்பு, குரல்வளை வாசலின் பக்கச் சுவர். சுவர் தொளதொளவென்று இருந்தால் மூச்சிழுக்கும்போது உள்ளே சரியும். கைக்குழந்தைகளிடம் அப்படி நடப்பதுண்டு.

விழுங்கும்போது இவற்றுக்கு என்ன வேலை?

சோறு உள்ளே போகும்போது குரல்வளை மூடி கவிழ்ந்து எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். அது பாதிக் கதை. குரல்வளை முழுவதும் மேலும் முன்னும் எழுகிறது, குரல் நாண்கள் சேர்கின்றன, அரிட்டினாய்டுகள் முன்னோக்கிச் சாய்ந்து குரல்வளை மூடியின் அடிப்பகுதியைத் தொடுகின்றன. பக்கவாதத்துக்குப் பின் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறவர்களைப் பரிசோதிக்கையில், அரிட்டினாய்டின் இந்தச் சாய்வு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உயிரோடிருப்பவரிடம் இவற்றைக் கண்ணால் பார்க்க முடியுமா?

தாராளமாக. 1854இல் பாரிஸில் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே பாய்ச்சி, தன் குரல்வளை இயங்குவதைத் தானே பார்த்தார். அரிட்டினாய்டுகள் விலகுவதும் சேர்வதும் அவர் கவனத்தை ஈர்த்தன. மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் கண்டவை வாசிக்கப்பட்டன. மருத்துவம் படிக்காத ஒருவர், குரல் எப்படிப் பிறக்கிறது என்ற ஆவல் ஒன்றால் இவ்வளவு தூரம் போனது எனக்கு இன்றும் வியப்பு.

இன்று மூக்கு வழியே மெல்லிய வளையும் குழாய்க் கேமராவை விட்டுச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். திரையில் குருத்தெலும்பு வெள்ளையாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் இளஞ்சிவப்புச் சளிச்சவ்வால் மூடியிருக்கும். பின்பக்கம் நடுவில் ஒரு சின்னப் பள்ளம், அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு மேடுகள். பள்ளத்தை ஒட்டிய மேடு கார்னிக்குலேட், அதற்கு வெளியே இருப்பது கியூனிஃபார்ம்.

மூச்சுப்பாதைக்குள் குழாய் விடும் மயக்க மருத்துவருக்கு இந்த மேடுகள் உயிர் காக்கும் அடையாளம். கோர்மாக், லெஹேன் என்ற மயக்க மருத்துவர்கள் இருவரும் 1984இல் வகுத்த தரப்படி, குழாய் விடுமுன் தொண்டைக்குள் பார்க்கும்போது குரல் நாண் இடைவெளி முழுசாகத் தெரிந்தால் முதல் தரம், பின்பகுதி மட்டும் தெரிந்தால் இரண்டாம் தரம், குரல்வளை மூடி மட்டும் தெரிந்தால் மூன்றாம் தரம், அதுவும் தெரியாவிட்டால் நான்காம் தரம். இரண்டாம் தரத்தில் நாண்கள் கண்ணில் படாமல் போனாலும், அந்த மேடுகளுக்கு முன்னால் விட்டால் குழாய் மூச்சுப்பாதைக்குள் போகும், பின்னால் விட்டால் உணவுக்குழாய்க்குப் போய்விடும்.

டிரிட்டிசியஸ் என்பது எது? என் எக்ஸ்ரேயில் ஏதோ புள்ளி இருப்பதாகச் சொன்னார்கள்.

நாவடி எலும்பின் பெரிய கொம்புக்கும் தைராய்டு குருத்தெலும்பின் மேல்கொம்புக்கும் நடுவே ஒரு நார் ஓடுகிறது. அதற்குள் கோதுமை மணி அளவில் இருப்பதுதான் டிரிட்டிசியஸ். பெரிய வேலை எதுவும் அதற்கு இல்லை. சுண்ணாம்பு படிந்தால்தான் குழப்பம்.

பல் மருத்துவர்கள் எடுக்கும் முழுத்தாடை எக்ஸ்ரேயில் கழுத்தின் 3, 4ஆம் முள்ளெலும்புகளின் மட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக இது தெரியும். அதே மட்டத்தில்தான் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறது. அதனால் தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்போ என்ற சந்தேகம் வரும். டிரிட்டிசியஸ் பெரும்பாலும் வழவழப்பான விளிம்போடு முட்டை வடிவில் இருக்கும். தமனியின் படிவு ஒழுங்கில்லாமல், செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாவிட்டால் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது. தடயவியலிலும் இதே தொல்லை உண்டு. கழுத்து நெரிக்கப்பட்டதா என்று ஆராயும்போது, டிரிட்டிசியஸை முறிந்த கொம்பின் துண்டு என்று தவறாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

வயதானால் இவை எலும்பாகிவிடுமா?

எல்லாம் ஆகாது. தைராய்டு, கிரிக்காய்டு, அரிட்டினாய்டின் பெரும்பகுதி ஆகியவை ஹயலின் என்ற, வயதாக ஆக எலும்பாகக்கூடிய வகை. இருபதுகளிலிருந்தே தைராய்டில் எலும்பாகும் மாற்றம் தொடங்கிவிடும், மற்ற இரண்டும் பின்தொடரும். குரல்வளை மூடி, கார்னிக்குலேட், கியூனிஃபார்ம், அரிட்டினாய்டின் உச்சி, குரல் முனையின் நுனி ஆகியவை மீள்தன்மையுள்ள வகை. இவற்றில் சுண்ணாம்பு படிவது அரிது. வளைந்து நிமிர வேண்டிய இடங்கள் முதுமையிலும் வளைகின்றன என்பது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

மீன் முள் சிக்கியதாக வருகிறவருக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கும்போது இந்த மாற்றம் குறுக்கே நிற்கும். கிரிக்காய்டு தகட்டின் மேல்விளிம்பிலோ அரிட்டினாய்டிலோ பாதி எலும்பான ஒரு கீற்று, முள்ளைப் போலவே தெரியும். மறுபக்கம், நிஜ முள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாலும் குத்தல் தொடர்ந்தால் கேமராவோ சி.டி. ஸ்கேனோ தேவை. சோற்றுருண்டையை விழுங்கி முள்ளைத் தள்ளிவிடும் வீட்டு வைத்தியம் வேண்டாம், முள் இன்னும் ஆழமாகப் போய்விடலாம்.

கைக்குழந்தை மூச்சிழுக்கும்போது சத்தம் வருகிறது. இதற்கும் இவற்றுக்கும் தொடர்பா?

இருக்கலாம். பிறந்து சில நாட்களிலோ வாரங்களிலோ தொடங்கி, மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு மிகப் பொதுவான காரணம் லாரிங்கோமலேசியா. அரிட்டினாய்டு, கியூனிஃபார்ம் மேலுள்ள தளர்ந்த சவ்வு மூச்சோடு உள்ளே இழுபடுகிறது. மடிப்புகள் குட்டையாக, குரல்வளை மூடி சுருண்டிருக்கும். குருத்தெலும்பு மென்மையாக இருப்பதே காரணம் என்று முன்பு சொல்லிவந்தார்கள். நரம்பு-தசைக் கட்டுப்பாடு முதிராததே முக்கியம் என்ற கருத்து இப்போது வலுவாக இருக்கிறது.

பால் குடிக்கும்போதும் அழும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் சத்தம் கூடும். முதல் சில மாதங்களில் அதிகரித்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகவே அடங்கிவிடும். சத்தம் குறைகிறதே என்று தூங்கும் குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள். தூங்க வைப்பது மல்லாத்தியே இருக்கட்டும். எடை ஏறவில்லை, பால் குடிக்கும்போது மூச்சு திணறுகிறது, நெஞ்சுக்குழி உள்வாங்குகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதடு நீலம் பாய்ந்தால் அது அவசர நிலை. கடுமையாக உள்ளவர்களுக்குத் தளர்ந்த சவ்வைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மிவிட்டது. குழாய் போட்டதாலா?

மயக்கத்துக்காகத் தொண்டையில் குழாய் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் கரகரப்பு சகஜம். ஒரு வாரம் தாண்டியும் குரல் காற்றடித்தபடி இருந்து, விழுங்கும்போது வலித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அரிதாக அரிட்டினாய்டு தன் மூட்டிலிருந்து விலகியிருக்கும். பார்வைக்கு இதுவும் நரம்புச் செயலிழப்பும் ஒன்றாகவே தெரியும், இரண்டிலும் அந்தப் பக்க நாண் அசையாது. சி.டி. ஸ்கேனும், குரல்வளைத் தசைகளின் மின் பரிசோதனையும் பிரித்துக் காட்டும். விலகல் என்றால் சீக்கிரமே திரும்பப் பொருத்துவது நல்ல பலன் தரும். நாள் கடந்தால் மூட்டு இறுகிவிடும்.

மூட்டுவாதம் குரல்வளை வரை வருமா?

வரும். உறையும் திரவமும் கொண்ட மூட்டு எதையும் ருமட்டாய்டு மூட்டுவாதம் தாக்கலாம். தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கும் உணர்வு, கரகரப்பு, காதுக்குப் பாயும் வலி ஆகியவை அறிகுறிகள். மூட்டு இறுகினால் மூச்சும் தடைபடும். இந்த நோயுள்ளவர்கள் எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் மயக்க மருத்துவரிடம் தங்கள் குரல் மாற்றத்தைத் தவறாமல் சொல்லுங்கள்.

அடிக்கடி தொண்டையைச் செருமினால் கெடுதலா?

குரல் முனையின் மேல் உள்ள சளிச்சவ்வு மிக மெல்லியது, அடியில் நேரடியாகக் குருத்தெலும்பு. ஒவ்வொரு செருமலிலும் இரு முனைகளும் பலமாக மோதிக்கொள்கின்றன. அது நாள்பட நடந்தால், கூடவே வயிற்று அமிலமும் மேலேறி வந்தால், அங்கே புண்ணோ சதைக்கட்டியோ உருவாகலாம். வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, திரும்ப வளரும். செருமும் பழக்கத்தை மாற்றும் குரல் பயிற்சியும் அமிலத்துக்கான சிகிச்சையும்தான் முதலில் தேவை. செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

உடல் அறுப்புக் கூடம் இல்லாமல் கையால் தொட்டுப் படிக்க வழி உண்டா?

கறிக்கடையில் ஆட்டின் மூச்சுக்குழாயைக் குரல்வளையோடு கேட்டு வாங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு பின்பக்கத்துத் தசைகளை மெதுவாகச் சுரண்டி, கிரிக்காய்டு தகட்டின் மேல் அரிட்டினாய்டு அமர்ந்திருக்கும் மூட்டைக் கண்டுபிடியுங்கள். தசை முனையை இடுக்கியால் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் நாண் விலகும். விட்டுவிட்டு முன்னோக்கித் தள்ளினால் நடுவுக்கு வரும். புத்தகத்தில் பத்துத் தடவை படித்தும் பிடிபடாத மாணவர்கள், இதைச் செய்ததும் தசைகளின் பெயரையும் வேலையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

சில வித்தியாசங்களை மனதில் வையுங்கள். ஆட்டில் கார்னிக்குலேட் பெரிதாக, பின்னோக்கி வளைந்து தெளிவாகத் தெரியும். கியூனிஃபார்மைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம், ஆட்டுக்கு அது கிடையாது. மனிதரிடம் பொய்க் குரல் நாணுக்கும் குரல் நாணுக்கும் நடுவே உள்ள பை போன்ற குழிவும் ஆட்டில் இல்லை. அந்த இரண்டுக்கும் மனித மாதிரியையோ கேமரா படத்தையோதான் நாட வேண்டும்.